ஊர் எவருக்கு உரியது?
சாவகச்சேரியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஓர் ஊர் எவருக்கு உரியது? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது எளிதில் விடை கூறத்தக்க வினாவாகவே தோன்றும். அங்கு வாழ்வோருக்கு உரியது என்பர் ஒரு சாரார். காடு வெட்டித் திருத்தி முதன்முதற் குடியேறியோரின் வழித்தோன்றல்களுக்கே உரியது என்பர் மற்றொரு சாரார். காணி உறுதி எவர் பெயரில் உள்ளதோ அவருக்கே உரியது என்று சட்டம் கூறும். அமைதிக் காலத்தில் இம்மூன்று விடைகளும் தம்முள் பெரிதும் முரண்படுவதில்லை. ஆனால், ஊரவருள் ஒரு பகுதியினர் ஒரு நாளில் வெளியேற்றப்பட, ஏனையோர் அங்கேயே தொடர்ந்து வாழும் நிலை ஏற்படும்போது இவை மூன்றும் மூன்று திசைகளிற் பிரிந்து நிற்கின்றன. அப்பொழுது வினாவும் சட்டவியலை விட்டு அறவியலுக்குள் நுழைந்துவிடுகின்றது. போனவருக்கு இருப்பவர் என்ன கடமைப்பட்டவர் என்பதே அவ்வினாவின் உண்மையான வடிவமாகும்.

இதனை வெறுங் கருத்து நிலையில் ஆராய்வதைவிட நாமறிந்த ஓர் ஊரை முன்வைத்து ஆராய்தல் பயன்தரும். பொதுமைகளைப் பேசுமிடத்து எல்லோரும் நல்லவராகவே தோன்றுவர்; ஊர்ப் பெயரைச் சொல்லும்போதுதான் மனம் தயங்கத் தொடங்குகின்றது. அத்தயக்கமே அறச் சிந்தனையின் தொடக்கமென்று கொள்ளலாம். ஆதலின் சாவகச்சேரியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

இடமும் பெயரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் தென்மராட்சியை நீர் சூழ்ந்திருக்கின்றது. தெற்கே யாழ்ப்பாணக் கடலேரி. வடமேற்கே, ஆறு என்று பெயர் பெற்றும் ஆறாகாத உப்பாறு. அவ்வுப்பாறு கடலேரியோடு கலக்குமிடத்தில், செம்மணி வெளியைக் கடந்ததும் நாவற்குழிப் பாலம் அமைந்துள்ளது. வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு வருவோர்க்கு அதுவே வாயில். கைதடி, நுணாவில் கடந்து சாவகச்சேரியை அடைந்து, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் வழியே செல்லும் கண்டி வீதி ஆனையிறவை நோக்கிப் போகின்றது. குடாநாட்டுக்கும் வன்னிப் பெருநிலத்துக்கும் இடையிலான போக்குவரத்து பெரும்பாலும் இத்தெருவிலேயே தங்கியிருந்தமையால், இவ்வூர் எக்காலத்தும் ஒரு வாயில் ஊராகவே விளங்கி வந்துள்ளது.

எல்லை என்பதும் இவ்வூர் நன்கறிந்த ஒன்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலெல்லை 1974 இலும் 1976 இலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் வரையப்பட்டது. ஆனால் அதனினும் கூர்மையான எல்லையொன்று இவ்வூரருகே நிலத்தின் மீதே வரையப்பட்டிருந்தது. 2002 ஏப்ரிலிற் கண்டி வீதி திறக்கப்பட்டதிலிருந்து 2006 ஆகஸ்டில் மூடப்படும்வரை முகமாலையில் இரு தரப்பினரின் சோதனை நிலையங்களும் அவற்றிடையே எவருக்கும் உரித்தற்ற ஒரு வெளியும் இருந்தன. எந்நாட்டுப் படத்திலும் குறிக்கப்படாத அவ்வெல்லையைப் பொதிகளோடும் அடையாள அட்டைகளோடும் மக்கள் கடந்தனர். எல்லை என்பது இயற்கை தந்ததன்று, மனிதர் இட்டதே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, ஊரின் பெயர் மனங்கொளத்தக்கது. சேரி என்பது பழந்தமிழில் குடியிருப்பைக் குறிக்கும் பொதுச்சொல். சாவகர் என்போர் மணிமேகலை கூறும் சாவக நாட்டோடு தொடர்புடைய, தென்கிழக்காசியத் தீவுகளையும் மலாய்த் தீபகற்பத்தையும் சார்ந்த மக்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்த தாம்பிரலிங்கத்தின் மன்னன் சந்திரபானு 1247 இல் இலங்கைமீது படையெடுத்தான் என்பது சூளவம்சம் தரும் செய்தி. அவனும் அவன் மைந்தனும் வட இலங்கையில் அதிகாரம் செலுத்தினர் என்பதும், பாண்டியர் படையெடுத்து அவ்வாட்சியை அடக்கினர் என்பதும் வரலாற்றாசிரியர் ஏற்பவை. சாவகச்சேரி, சாவாங்கோட்டை முதலிய இடப்பெயர்கள் அச்சாவகரின் நினைவைச் சுமப்பன என்பது அறிஞர் பலர் தரும் விளக்கம்.

அவ்விளக்கத்தை ஏற்போமாயின் ஒரு முடிவு தவிர்க்கவொண்ணாதது. தமிழூராகிய இவ்வூர், கடல் கடந்து வந்த அயலார் பெயரையே தன் பெயராகக் கொண்டிருக்கின்றது. அச்சாவகர் எங்கே போயினர்? அவர்கள் போகவில்லை, கலந்தனர் என்று கருதுவதே பொருத்தம். யாருடைய குருதியில் அவர் குருதி ஓடுகின்றது என்று இன்று எவரும் கூறவியலாது. முதற்குடி எது என்ற வாதத்துக்கு ஊரின் பெயரே மறுமொழியாகி நிற்கின்றது.

கலந்த வாழ்வும் அதன் வரம்பும்

அண்மைக் காலத்துச் சாவகச்சேரியும் ஒற்றைத்தன்மை உடையதாய் இருந்ததில்லை. சைவக் கோயில்களும், கிறித்தவ ஆலயங்களும், பள்ளிவாசலும் அங்கிருந்தன. ஒல்லாந்தக் குருவாகிய பால்டேயஸ் 1672 இல் வெளியிட்ட நூலிலேயே தென்மராட்சித் தேவாலயங்களுள் ஒன்றாக இவ்வூர்த் தேவாலயமும் இடம்பெறுகின்றது. பின்னர் அமெரிக்க மிசனரிமாரும் இங்கு பணிபுரிந்தனர். தென்மராட்சியின் பலாவும், மாவும், தேங்காயும், மரக்கறியும் வந்து குவியும் சந்தை, தமிழரையும் முஸ்லிம்களையும் நாள்தோறும் முகத்துக்கு முகம் நிறுத்தியது.

வடபுல முஸ்லிம்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் இதற்குத் தக்க சான்றாவார். இந்துக் கல்லூரியொன்று ஒரு முஸ்லிம் அறிஞரை உருவாக்கியது என்பதை அக்காலத்தில் எவரும் வியப்பாகக் கொள்ளவில்லை. வியப்பின்மையே அயலுறவின் சிறந்த அடையாளமாகும்.

எனினும், இழந்ததைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. சந்தையில் ஒன்றாய் நின்றோர் பந்தியில் ஒன்றாய் இருந்தாரல்லர். ஒரே மதத்தவரிடையேகூடச் சாதியின் வேலி உயர்ந்தே நின்றது. 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் எழுந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் தென்மராட்சியையும் தொட்டன. 1977 ஆகஸ்டில் தெற்கே தமிழருக்கெதிரான வன்செயல் வெடித்தவேளையில் யாழ்ப்பாண வளாகத்துச் சிங்கள மாணவர் வெளியேற நேர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் குடாநாட்டுச் சிங்களக் குடும்பங்களும் மறைந்தன. ஊர் என்பது அன்பினால் மட்டும் கட்டப்பட்டதன்று. தேவை, பழக்கம், ஒதுக்கம், சகிப்பு ஆகிய யாவும் அதன் கட்டுமானத்திற் கலந்துள்ளன. இதனை ஒப்புக்கொள்ளும்போதுதான் பின்னர் நிகழ்ந்ததன் காரணமும் சிறிது விளங்கும். சகிக்கப்பட்டவர், சகிப்பு முடிந்த நாளில் அந்நியராகிவிடுகின்றனர்.

மூன்று நிகழ்ச்சிகள்

பத்தாண்டுகளுள் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை ஈண்டு வரிசைப்படுத்துதல் வேண்டும்.

முதலாவது, 1990 ஒக்ரோபர் 15. வடமாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நிகழ்ச்சி சாவகச்சேரியிலேயே தொடங்கிற்று. அங்கிருந்து ஏனைய மாவட்டங்களுக்குப் பரவி, ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்தை அடைந்தது. நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஒரு சில நாள்களில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வீடும், கடையும், காணி உறுதியும், நகையும் இழந்து வெளியேறினர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்து முகாம்களிற் பல்லாண்டு கழித்தனர்.

இரண்டாவது, 1995 ஒக்ரோபர் 30. நாள் ஒத்திருப்பதைக் கவனிக்க. இராணுவம் வலிகாமத்தை நோக்கி முன்னேறிய வேளையில், புலிகளின் அறிவிப்பைத் தொடர்ந்து, இலட்சக்கணக்கான தமிழர் ஓரிரவில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினர். கொட்டும் மழையில், முதியோரையும் குழந்தைகளையும் சைக்கிள்களிலும் தோள்களிலும் சுமந்து, நாவற்குழிப் பாலத்தை அடி அடியாகக் கடந்து அவர்கள் வந்தடைந்தது தென்மராட்சிக்கே. பாடசாலைகள், கோயில் மண்டபங்கள், வீட்டு விறாந்தைகள், தென்னந்தோப்புகள் யாவும் நிரம்பின. ஏறத்தாழ ஆறு மாதம், 1996 ஏப்ரில் வரை, தென்மராட்சி அவர்களைத் தாங்கிற்று.

மூன்றாவது, 2000. அவ்வாண்டு ஏப்ரிலில் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதத்திற் சாவகச்சேரி புலிகளின் கைக்குச் சென்றது. செப்ரெம்பரில் இராணுவம் மீளக் கைப்பற்றியது. இடைப்பட்ட போரில் நகரம் தரைமட்டமாயிற்று. சந்தை, பாடசாலை, கோயில், வீடு என்ற வேறுபாடின்றி யாவும் சிதைந்தன. மக்கள் வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் ஏதிலிகளாய்ச் சென்று, ஐந்தாண்டுகளுக்கு முன்னர் தாம் இடம் அளித்தோரின் வாசலில் நின்றனர்.

வெளியேற்றம் தொடங்கிய ஊர், அடைக்கலம் தந்த ஊர், அடைக்கலம் தேடிய ஊர் என மூன்றும் ஒன்றே. வினைப்பயன் என்று இதற்கு விளக்கம் கூறுவாரும் உளர். அவ்விளக்கத்தை நான் ஏற்கேன். 2000 இல் வீடிழந்த குழந்தை 1990 இல் எவரையும் வெளியேற்றியதில்லை. ஒருவர் துன்பத்தை மற்றொருவர் துன்பத்துக்குத் தண்டனையாகக் கணக்கிடுவது அறமாகாது. அது பழிவாங்கலைத் தெய்வத்தின் பெயரில் எழுதுவதாகும். நாம் ஆராய வேண்டியது விதியை அன்று, பொறுப்பை.

மூன்று நியாயங்கள்

1990 இன் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுமிடத்துத் தமிழரிடையே மூன்று நியாயங்கள் வழமையாகக் கேட்கப்படுகின்றன. அவற்றை இகழாமல், ஒவ்வொன்றிலும் உள்ள உண்மையின் அளவை நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதல் நியாயம்: நாங்கள் செய்யவில்லை; ஆயுதம் தாங்கியோர் செய்தனர். இது உண்மை. பொதுமக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. நாசி ஆட்சியின்கீழ் 1937 இற் பதவி பறிக்கப்பட்டு, யூதப் பெண்மணியாகிய தம் மனைவியுடன் ஜேர்மனியிலேயே வாழ்ந்த மெய்யியலாளர் கார்ள் யஸ்பேர்ஸ், போர் முடிந்ததும் ஜேர்மானியரின் பழி குறித்து ஆற்றிய விரிவுரைகள் 1946 இல் நூலாயின. பழியை அவர் நால்வகையாகப் பிரித்தார். சட்டத்தை மீறியவன் தாங்கும் குற்றவியற் பழி ஒன்று. ஓர் அரசின் செயல்களுக்கு அதன் குடிமக்கள் பொறுப்பேற்கும் அரசியற் பழி இரண்டு. தன் நடத்தைக்காகத் தன் மனச்சான்றின் முன் ஒருவன் தாங்கும் ஒழுக்கப் பழி மூன்று. தன் கண்முன் மனிதருக்கு அநீதி நிகழ்ந்தும் தான் உயிரோடு எஞ்சியிருப்பதனாலேயே ஒருவன் உணரும் பௌதிகவதீதப் பழி நான்கு.

இப்பாகுபாடு நமக்குப் பெரிதும் பயன்படும். குற்றவியற் பழி தனியாள் பழியே. ஓர் இனம் முழுவதன்மீதும் அதனைச் சுமத்த முடியாது. அவ்வாறு சுமத்துவது எத்தகைய தவறு என்பதை 1990 இன் வெளியேற்றமே காட்டுகின்றது. ஒரு சிலர்மீது கொண்ட ஐயத்துக்காக ஒரு சமூகம் முழுவதையும் தண்டித்தமையே அதன் அடிப்படைத் தவறு. அத்தவறைக் கண்டிப்பவர், தமிழர் அனைவரும் குற்றவாளிகள் என்று கூறுவாராயின் அதே தவறையே திருப்பிச் செய்கின்றனர். ஆகவே முதல் நியாயம் குற்றத்தைப் பொறுத்தவரை செல்லும். ஆனால் பொறுப்பைப் பொறுத்தவரை செல்லாது. ஒருவர் பெயரால் ஒரு செயல் செய்யப்படின், அச்செயல் எமதன்று என்று வெளிப்படக் கூறும் கடமை அப்பெயருடையார்க்கு உண்டு. வெளியேற்றம் தமிழ் மக்களின் பெயரால் நிகழ்ந்தது. ஆதலின் விடை கூறும் கடமையும் அப்பெயரைத் தாங்குவோர்க்கு வந்து சேர்கின்றது.

இரண்டாம் நியாயம்: தடுத்திருக்க இயலாது. இதுவும் பெரும்பாலும் உண்மை. ஒருவனால் இயலாததை அவன் கடமையென்று அறம் விதிப்பதில்லை. அன்று எதிர்த்துப் பேசியிருப்போர் என்னவாகியிருப்பர் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். அழுதுகொண்டு வழியனுப்பிய அயலவர் இருந்தனர் என்று வெளியேறியோரே நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளனர். ஆயினும் இந்நியாயத்துக்குக் கால எல்லை ஒன்றுண்டு. இயலாமை ஒரு நாளுக்குரியது, மௌனமோ பல்லாண்டுகளுக்குரியது. வெளியேற்றப்பட்டோரின் பொருள்கள் பின்னர் விலைக்கு வந்தன, வாங்கினோரும் இருந்தனர். வெறுமையான வீட்டின் கதவையும் யன்னலையும் கழற்றியோர் அனைவரும் ஆயுதம் தாங்கியோரல்லர். அச்சத்தின் காரணமாக வாய் திறவாதிருத்தல் ஒன்று. ஆதாயத்தின் காரணமாகக் கை நீட்டுதல் வேறொன்று. அச்சம் நீங்கிய பின்னரும் தொடரும் மௌனம் இவ்விரண்டுள் எதனைச் சார்ந்தது என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்.

மூன்றாம் நியாயம்: எமக்கும் இழைக்கப்பட்டது. இதனை மறுப்பார் எவருமிலர். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும், 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகமும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த பேரழிவும் எம் நினைவின் பகுதிகள். 1990 இற் கிழக்கில் தமிழரும் கொல்லப்பட்டனர்; காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களும் கொல்லப்பட்டனர். ஆயினும் கடன் பற்றிய எளிய நியாயம் ஒன்றை நினைவுகூர்வோம். ஒருவன் எனக்குத் தரவேண்டிய கடனைத் தராதிருப்பது, நான் மற்றொருவனுக்குத் தரவேண்டிய கடனைத் தீர்த்துவிடாது. 1983 இல் எம் வீடுகளை எரித்தவர் சாவகச்சேரிச் சந்தையில் கடை வைத்திருந்தவரல்லர். பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல், வேரூன்றல் பற்றி 1943 இல் எழுதி அவர் மறைவின் பின் 1949 இல் வெளியான நூலில், வேரறுக்கப்பட்டோரே பிறரை வேரறுப்போராகும் அவலத்தைச் சுட்டிக்காட்டினார். அஃது எமது வரலாற்றுக்கும் பொருந்துவதாயிற்று. துன்பம் மனிதனுக்கு அறிவு தரலாம். ஆனால் உரிமம் தருவதில்லை.

விருந்தினனும் அயலவனும்

இனி, 1995 இன் நிகழ்ச்சி எழுப்பும் வினாவுக்கு வருவோம். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு சாராரை இழந்தும் வாளாவிருந்த ஊர், இப்பொழுது இலட்சக்கணக்கானோரைத் தாங்கியது எவ்வாறு? வந்தவர் எம்மவர், போனவர் பிறர் என்பது பலரும் கூறும் விடை. அதில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. 1995 இல் வந்தவர் அனைவரும் உறவினரல்லர். வேற்றூரார், வேற்றுச் சாதியார், முன்பின் அறியாதார் ஆகியோரும் ஒரே கிணற்றில் நீரள்ளினர். ஒரே விறாந்தையில் உறங்கினர். வழமையான வேலிகள் சில அம்மழையிற் சாய்ந்தன. ஆகவே பிறரை ஏற்கும் ஆற்றல் அவ்வூருக்கு இருந்தது என்பது ஐயமின்றித் தெரிகின்றது. ஆற்றல் இருந்தமையாலேயே 1990 இன் இழப்பு மேலும் கனக்கின்றது.

இவ்விடத்து விருந்தினனுக்கும் அயலவனுக்கும் உள்ள வேறுபாடு நோக்கற்பாலது. வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதனைத் தமிழர் பண்பாட்டின் தலையாய கூறாக நாம் போற்றுகின்றோம். ஆனால் விருந்தினன் ஒருநாட் போய்விடுவான். அவனுக்குக் கொடுக்கும்போது கொடுப்பவன் உயர்ந்து நிற்கின்றான். அயலவனோ போகமாட்டான். அவன் எல்லை வேலிக்கு உரிமை கோருவான், சந்தையிற் போட்டியிடுவான், தேர்தலில் வேறு கட்சிக்கு வாக்களிப்பான். விருந்தோம்பலுக்கு இரக்கம் போதும். அயலுறவுக்குச் சமத்துவம் வேண்டும். விருந்தோம்பலிற் சிறந்த ஒரு சமூகம் அயலுறவில் தோற்றுப்போகலாம் என்பதற்கு எமது வரலாறே சான்று.

இம்மானுவேல் கான்ற் 1795 இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய கட்டுரையில் விருந்தேற்றலைக் கருணைச் செயலாகக் கொள்ளாது உரிமையாகவே கொண்டார். பூமி உருண்டை வடிவினது; அதன் பரப்பு எல்லைக்குட்பட்டது; ஆதலின் மனிதர் முடிவின்றிச் சிதறி வாழவியலாது, ஒருவரையொருவர் பொறுத்தேயாக வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். வந்து சேர்ந்த அந்நியனைப் பகைவனாக நடத்தலாகாது என்பதே அவர் கோரிய குறைந்த அளவு. அந்நியனுக்கே இவ்வுரிமை உண்டெனின், அவ்வூரிலேயே பிறந்து, அவ்வூர் மையவாடியிலேயே தந்தையை அடக்கஞ் செய்தவனுக்கு உள்ள உரிமை எத்துணைப் பெரிது! கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்கும் நாம், எல்லா ஊரையும் எம்மூராகக் கொள்ளும் அவ்வுரிமையைப் பிறர்க்கும் அளித்தோமா என்று வினவுவதில்லை.

திரினா ஆற்றங்கரையில்

இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பொஸ்னியாவின் கிழக்கெல்லையில், சேர்பியாவுக்கு அண்மையில், திரினா ஆற்றங்கரையில் வீசெகிராட் என்னும் சிறுநகர் உள்ளது. அங்கே பதினாறாம் நூற்றாண்டில் பதினொரு வளைவுகளோடு கட்டப்பட்ட கற்பாலத்தைக் கட்டுவித்தவர், அப்பகுதியில் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்து, சிறுவனாகக் கொண்டுசெல்லப்பட்டு, ஓட்டோமன் பேரரசின் தலைமை அமைச்சராய் உயர்ந்த மெஹ்மெட் பாஷா சொக்கலோவிச். முஸ்லிம்களும், சேர்பியக் கிறித்தவர்களும், யூதரும் அப்பாலத்தின்மீது நூற்றாண்டுகளாகச் சந்தித்த வாழ்வை இவோ அந்திரிச் 1945 இல் வெளியான நாவலிற் சித்திரித்தார். 1961 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாட்டின் எல்லையும் ஆறும் பாலமும் பல இனங்களும் ஒருங்கமைந்த அந்நகரிலேயே 1992 இல் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், விரட்டப்பட்டனர். பலர் அப்பாலத்தின்மீதே கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டனர். பாலம் இரு கரைகளை இணைக்கும். மனிதரை இணைப்பதற்கு அது மட்டும் போதாது.

அந்நகரில் பின்னர் நிகழ்ந்த ஒரு செய்தி கருதத்தக்கது. கொல்லப்பட்டோர்க்கு மையவாடியில் எழுப்பிய நினைவுக் கல்லில் இனப்படுகொலை என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தது. 2014 இல் நகர அதிகாரிகள் அச்சொல்லை உளி கொண்டு அகற்றினர். உயிரும் வீடும் பறிக்கப்பட்ட பின்னரும் பறிப்பதற்கு ஒன்று எஞ்சியிருந்தது, அது சொல்.

தாயகம் என்னும் கருத்து

இவ்வாதத்துக்கு எதிராக வலிமையான மறுப்பொன்று உண்டு. ஊர் எல்லோருக்கும் உரியதெனின், தமிழர் தாயகம் என்ற கருத்து என்னாவது? கல்லோயா முதல் மணலாறு வரை அரசு திட்டமிட்டு நடத்திய குடியேற்றங்களை எதிர்த்த எமது அரசியல் தவறானதா? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது.

அரசு தன் படையையும், பணத்தையும், சட்டத்தையும் கொண்டு ஒரு நிலப்பரப்பின் மக்கள் விகிதத்தை மாற்ற முயல்வது ஒன்று. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஓரூரிற் பிழைத்து வாழ்ந்து வருவது முற்றிலும் வேறொன்று. முன்னையது அதிகாரத்தின் செயல். பின்னையது வாழ்வின் செயல். முன்னையதை எதிர்ப்பதற்குத் தாயகம் என்ற கருத்து எமக்கு நியாயமான கேடயம் ஆகலாம். அக்கேடயமே பின்னையவர்மீது வாளாக மாறியதுதான் 1990 இன் சோகம். ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தில் அச்சமின்றி வாழ உரிமையுடையது என்பதே தாயகக் கோட்பாட்டின் உட்பொருளாயின், அவ்வுரிமை அந்நிலத்தில் வாழும் சிறிய கூட்டத்துக்கும் உரியதாதல் வேண்டும். பெரும்பான்மைக்கு எதிராகச் சிறுபான்மை எழுப்பும் நியாயத்தை, அச்சிறுபான்மை தன்னினும் சிறிய சிறுபான்மைக்கு மறுக்குமாயின், அது நியாயமாக இருந்ததில்லை. வலிமையின்மையாகவே இருந்தது என்றாகிவிடும்.

2002 ஏப்ரிலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் தரப்பிலிருந்தே இவ்வெளியேற்றம் குறித்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஆயுதம் தாங்கியோர் கூறிய அளவுக்கேனும் ஆயுதம் தாங்காதோர் கூறத் தயங்குவது விந்தையே.

எஞ்சிய கடன்

அவ்வாறாயின் இன்று வாழ்வோர் செய்யத்தக்கது யாது?

முதலாவது, சொல்லைத் திருத்துதல். முஸ்லிம்கள் போனார்கள் என்றே நாம் பேச்சில் வழங்குகின்றோம். இலக்கணம் கற்றோர் இதன் பிழையை அறிவர். தன்வினையாற் கூறப்படும் இச்செயல் உண்மையில் செயப்பாட்டுவினைக்கு உரியது. அவர்கள் போகவில்லை, வெளியேற்றப்பட்டார்கள். ஒரு வினைமுற்றில் ஒரு வரலாறு மறைந்துவிடக் கூடும். வீசெகிராட்டில் உளி செய்ததை நாம் இலக்கணத்தால் செய்தலாகாது.

இரண்டாவது, மீள்வருகையைச் சலுகையாகவன்றி உரிமையாகக் கொள்ளுதல். 2009 இன் பின் வடக்கிற்குத் திரும்பி நிலைத்தோர் தொகை சிறிதே. இரு தசாப்தங்களில் ஒரு குடும்பம் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகிவிட்டது. ஒரு காணி அவர்களுக்குப் போதாது. புத்தளத்திற் பிறந்த பிள்ளைக்குச் சாவகச்சேரி தாய் சொன்ன கதை மட்டுமே. நீர் உண்மையில் இவ்வூரவர்தாமா என்று அவர்களை வினவுவதற்கு முன்னர், அவ்வினா எழக் காரணமானது எது என்று நாம் சிந்தித்தல் வேண்டும். வெளியேற்றியவனே, நீ இங்கு நெடுங்காலம் இல்லையே என்று உரிமையை மறுப்பானாயின், தன் தவறினாலேயே தான் பயன் பெறுகின்றான். இதனை எந்த நீதிநெறியும் ஏற்பதில்லை. எல்லோரும் திரும்புவர் என்று எதிர்பார்த்தலும் வேண்டா. திரும்பாதிருப்பதும் அவர்தம் உரிமையே. ஆனால் திரும்பாமை அவர்கள் தெரிவாக இருக்கட்டும். எம் தடையாக இருத்தலாகாது.

மூன்றாவது, எழுதுதல். இது குறிப்பாகப் பல்கலைக்கழகத்தாரின் கடன். பாடசாலை மலர்களும் ஊர் வரலாறுகளும் எம்மிடம் பல உள. கோயில்களின் வரலாறும், வித்தியாலயங்களின் வரலாறும், பெரியாரின் வரலாறும் அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன. அவற்றுள் எத்தனை நூல்கள் அவ்வூர்ப் பள்ளிவாசலைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதியுள்ளன? சந்தைக்கடை வரிசையில் எவர் எவர் இருந்தனர், எத்தொழில் செய்தனர், எப்பாடசாலையிற் படித்தனர் என்பவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நாள்தோறும் மறைந்து வருகின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுதல் பெருஞ் செலவு வேண்டாத பணி. ஓர் ஆண்டு விடுமுறையில் மாணவர் சிலர் செய்யத்தக்கது.

உப்பாற்றை நன்னீராக்கும் முயற்சி நெடுங்காலமாக யாழ்ப்பாணத்தார் சிந்தனையில் இருந்து வந்துள்ளது. பொறியியலாளர் ஆறுமுகம் அதற்கெனத் தீட்டிய திட்டம் பலரும் அறிந்தது. அதன் அடிப்படை மிக எளியது. கடல்நீர் உட்புகாது தடுத்து, மாரிதோறும் வரும் மழைநீரால் உப்பைச் சிறிது சிறிதாக வெளியேற்றுதல் வேண்டும். ஒரு மாரியில் உப்பு நீங்கிவிடாது. மதகுகளைப் பேணாது விட்டால் பல மாரிகளின் பயனும் ஒரே கோடையில் அழிந்துபோகும். மனிதரிடையே தேங்கிய கசப்பும் அத்தகையதே.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு மீள்வோம். ஓர் ஊர் அங்கு வாழ்வோர்க்கும் உரியது, வாழவிடப்படாதோர்க்கும் உரியது. இருப்பவர் அதன் உடைமையாளர் மட்டுமல்லர்; இல்லாதவரின் பங்கைக் காத்து நிற்கும் பொறுப்பாளருமாவர். அப்பங்கைக் கணக்கிலே எழுதிவைப்பதற்கேனும் நாம் முன்வருவோமா என்பதே இவ்வாண்டு மாணவர் முன் இக்கட்டுரை வைக்கும் வினா. சாவகர் பெயரை எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வந்த ஓர் ஊருக்கு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இழந்த தன் அயலவர் பெயர்களை நினைவில் வைத்தல் அரிய செயலன்று.